நாக விஷம் மாட்டு ரத்தத்தில் பலிக்கவில்லை! ஏன்?

இரண்டு கண்ணாடிக் குழாய்கள்.

ஒன்றில் மனிதனின் ரத்த அணுக்கள். மற்றொன்றில் மாட்டின் ரத்த அணுக்கள். ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை மட்டும் பிரித்து எடுத்து, உப்புத் தண்ணீரில் பல தடவை கழுவி வைத்திருக்கிறார்கள்.

பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. கலங்கலான சிவப்பு. குழாய்க்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

இரண்டு குழாய்களிலும் நாகப்பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் விடுகிறார்கள். காத்திருக்கிறார்கள்.

முதல் குழாயில் கலங்கல் மெல்ல மெல்ல மறைகிறது. கடைசியில் ரோஜா சர்பத் போலத் தெளிந்து விடுகிறது. பின்னால் பிடித்த பத்திரிகையைப் படிக்க முடிகிறது. மனித அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த சிவப்புச் சாயம் தண்ணீரில் கரைந்துவிட்டது.

இரண்டாவது குழாய்?

அது அப்படியே இருக்கிறது. மாட்டு அணு உடையவில்லை!

நாக விஷத்துக்கே அசையாத மாட்டு ரத்தத்தில் அப்படி என்ன மாயம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு 55 ஆண்டுகள் ஆயின.

மாடு பிழைக்காது!

கதைக்குப் போகும் முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

"அப்படியானால் மாட்டை நாகம் கடித்தால் ஒன்றும் ஆகாது போலிருக்கிறதே!" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாகம் கடித்தால் மாடும் சாகும். மாட்டு ரத்தம் விஷத்துக்கு மருந்தும் ஆகாது.

நாக விஷம் ஒரே பொருள் அல்ல. பல பொருள்கள் சேர்ந்த கலவை அது. ஆளைக் கொல்லும் வேலையை முக்கியமாகச் செய்வது நரம்பைத் தாக்கும் பகுதி. நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் அது தடுத்துவிடுகிறது. இமை தொங்குகிறது. நாக்குக் குழறுகிறது. கடைசியில் மூச்சு விடும் தசைகள் ஓய்ந்துவிடுகின்றன. மனிதனுக்கும் இதே கதிதான், மாட்டுக்கும் இதே கதிதான்.

இதற்கு உள்ள மருந்து விஷ முறிவு ஊசி. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ம் ஆண்டில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தைக் கக்க வைத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் மருந்து கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்கு அதைச் சிறிது சிறிதாக ஏற்றி, குதிரை ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளை எடுத்து ஊசி மருந்து செய்கிறார்கள். கால்நடை டாக்டர்கள் மாட்டுக்கும் இந்த ஊசியைப் போடுகிறார்கள். கடிபட்டது மனிதன் ஆனாலும் சரி, மாடு ஆனாலும் சரி, கட்டுப் போடுவதிலும் கீறிவிடுவதிலும் நேரத்தைக் கழித்தால் உயிர் போய்விடும்.

அப்படியானால் ரத்த அணுவை உடைப்பது? அது விஷத்தில் உள்ள வேறொரு பகுதியின் வேலை. கண்ணாடிக் குழாயில் மாட்டு அணுவிடம் தோற்றது அந்தப் பகுதிதான்.

கை கருகிய பிள்ளை

1900-ம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். சைமன் பிளெக்ஸ்னர் என்ற பேராசிரியரின் வீட்டு வாசலில் ஒரு ஜப்பானிய வாலிபர் வந்து நின்றார். கையில் பணம் இல்லை. இங்கிலீஷும் சரியாக வராது. "ஜப்பானுக்கு வந்திருந்தபோது எனக்கு உற்சாகம் கொடுத்தீர்களே, அதனால் வேலை கேட்டு வந்துவிட்டேன்" என்றார்.

பிளெக்ஸ்னர் திகைத்துப் போனார். ஏதோ மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை நம்பி ஒருவர் கடல் தாண்டி வந்துவிட்டாரே!

அந்த வாலிபரின் பெயர் நோகுச்சி. ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. தவழும் வயதில் வீட்டு அடுப்பில் விழுந்து இடது கை கருகி, விரல்கள் ஒட்டிப் போயின. ஏர் பிடிக்க முடியாத பிள்ளை படிக்கட்டும் என்று தாய் பாடுபட்டுப் படிக்க வைத்தார். அந்தத் தாய் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்ல. 1912-ம் ஆண்டில் அவர் தட்டுத் தடுமாறித் தன் கைப்படவே அமெரிக்காவில் இருந்த மகனுக்குக் கடிதம் எழுதினார். சீக்கிரம் ஊருக்கு வரும்படி அதில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். 1915-ம் ஆண்டில் மகன் போய்த் தாயைப் பார்த்தார். அந்தக் கடிதத்தை ஜப்பானில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மகனின் படம் 2004-ம் ஆண்டில் 1,000 யென் நோட்டில் ஏறியது!

பிளெக்ஸ்னர் அந்த வாலிபருக்குக் கொடுத்த வேலை, பாம்பு விஷ ஆராய்ச்சி. யாரும் ஆசைப்பட்டு வாங்கும் வேலை அல்ல. நோகுச்சி அதை ராப்பகலாகச் செய்தார். 1902-ம் ஆண்டில் இருவரும் சேர்ந்து முடிவை வெளியிட்டார்கள்.

அணுக்களை நன்றாகக் கழுவிவிட்டு விஷத்தைச் சேர்த்தால் அவை உடைவதில்லை. கழுவி ஊற்றிய ரத்த நீரைத் திரும்பச் சேர்த்தால் உடைகின்றன! அப்படியானால் விஷம் தனியாக அணுவை உடைப்பதில்லை. அதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். அந்தக் கூட்டாளி ரத்த நீரில் இருக்கிறான்.

யார் அந்தக் கூட்டாளி?

மஞ்சள் கரு

அதே 1902-ம் ஆண்டு. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரம். பால் எர்லிக் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் கூடம் அங்கே இருந்தது. பின்னால், 1908-ம் ஆண்டில், நோபல் பரிசு பெற்றவர் எர்லிக். அவரிடம் பிரஸ்டன் கைஸ் என்ற அமெரிக்கர் வேலை செய்தார்.

கைஸ் பல பிராணிகளின் ரத்தத்தை எடுத்து, அணுக்களைக் கழுவி, நாக விஷத்தைச் சேர்த்துப் பார்த்தார். பிராணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன!

மனிதன், நாய், குதிரை, கினியா பன்றி இவற்றின் அணுக்கள் ஒரு கட்சி. கூட்டாளி இல்லாமலே விஷத்தில் உடைந்தன.

மாடு, செம்மறி ஆடு, வெள்ளாடு இவை மற்றொரு கட்சி. உடையவே இல்லை.

கைஸ் அதோடு நிற்கவில்லை. உடையாத மாட்டு அணுக்களில் லெசித்தின் என்ற கொழுப்பைச் சிறிது சேர்த்தார். உடனே அவையும் உடைந்தன. கூட்டாளி அகப்பட்டுவிட்டான்!

லெசித்தின் என்றதும் ஏதோ அபூர்வ ரசாயனம் என்று நினைக்க வேண்டாம். காலையில் சாப்பிட்ட முட்டையிலேயே அது இருக்கிறது. கோப்லி என்ற பிரெஞ்சுக்காரர் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து அதைப் பிரித்து, 1850-ம் ஆண்டில் இந்தப் பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் மஞ்சள் கருவுக்கு உள்ள பெயர்தான் அது.

ஆனால் கொழுப்பு எப்படி ரத்த அணுவை உடைக்கும்? முட்டை சாப்பிடுகிற எல்லோருக்கும் ரத்தம் கரைந்தா போகிறது?

விஷம் காய்ச்சிய சோப்பு

இதற்கு விடை சொன்னது பாரிஸ் நகரத்தில் உள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம். 1911-ம் ஆண்டில் டெலசேன் என்பவரும் அவருடைய உதவியாளரும் லெசித்தினுக்கு விஷம் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள்.

லெசித்தினின் மிகச் சிறிய துணுக்கை (பாடப் புத்தகத்தில் மூலக்கூறு என்பார்கள்) ஒரு தலைப்பிரட்டை போல நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கு வால் இரண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால்களுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அவை கொழுப்பு.

நாக விஷத்தில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை என்சைம் என்பார்கள். அது லெசித்தினின் இரண்டு வால்களில் ஒன்றை மட்டும் சரியாக வெட்டிவிடுகிறது. மிச்சம், ஒரு தலை, ஒரு வால்.

ஒரு தலை, ஒரு வால் உள்ள பொருள் எது தெரியுமா? சோப்பு!

எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் சோப்பு போட்டால் பிசுக்குக் கரைந்து ஓடுகிறது. ரத்த அணுவின் மேல் தோலும் ஒரு வகைக் கொழுப்புத் தோல்தான். வால் போன லெசித்தின் அந்தத் தோலைக் கரைத்து ஓட்டை போடுகிறது. ரத்தத்தைக் கரைப்பது என்ற பொருள் வரும்படி இந்தப் பொருளுக்கு லைசோலெசித்தின் என்று பெயர் வந்தது.

வெட்டாத லெசித்தின் சாது. வெட்டிய லெசித்தின்தான் சண்டைக்காரன். முட்டை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

விஷத்தில் இந்தக் கத்தரிக்கோலுக்கு ஒரு துணையாளும் உண்டு என்று பிற்காலத்தில் தெரிந்தது. அது ஒரு சிறிய புரதம். அணுவின் தோலை அது தளர்த்திக் கொடுக்கிறது. கத்தரிக்கோல் புகுந்து வேலையை முடிக்கிறது.

சரி, மனித அணுவுக்கு வெளியிலிருந்து லெசித்தின் கொடுக்காமலே விஷம் அதை உடைக்கிறதே? வெட்டுவதற்கு லெசித்தின் எங்கிருந்து கிடைக்கிறது? அணுவின் தோலிலிருந்தேதான் கிடைக்க வேண்டும்.

அப்படியானால் மாட்டு அணுவின் தோலில் லெசித்தின் இல்லையா? இருந்தும் விஷத்தின் கைக்கு எட்டாமல் பூட்டிக் கிடக்கிறதா? அந்தக் காலத்தில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. கொழுப்பு வகைகளை ஒன்றிலிருந்து ஒன்று சுத்தமாகப் பிரிக்க வழி இல்லை.

இரட்டைத் தோல்

சிவப்பு அணு எவ்வளவு சிறியது? மனிதனின் அணுக்களை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1 மில்லி மீட்டர் நீளத்தில் 130 அணுக்கள் நிற்கும். மாட்டு அணு இன்னும் சிறியது. 180 நிற்கும்.

அந்த அணுவுக்கு ஒரு தோல். அதன் கனம் என்ன? சுமார் 2 லட்சம் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 1 மில்லி மீட்டர் வரும்!

இந்தத் தோல் எப்படி அமைந்திருக்கிறது என்று 1925-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் லெய்டன் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர் கோர்ட்டர் என்ற குழந்தை டாக்டர். உதவியவர் கிரெண்டல்.

அவர்கள் செய்த சோதனை மிக எளிமையானது. மழைத் தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் வானவில் நிறத்தில் படர்கிறது அல்லவா? அதுபோல, அணுக்களின் தோலில் உள்ள கொழுப்பை எல்லாம் எடுத்து, தொட்டித் தண்ணீரின் மேல் படர விட்டார்கள். துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக நிற்கும்படி செய்து, பரப்பை அளந்தார்கள். அது அணுக்களின் மேல் பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

மனிதன், நாய், முயல், கினியா பன்றி, செம்மறி ஆடு, வெள்ளாடு, எதை எடுத்தாலும் இரண்டு மடங்குதான்! அப்படியானால் அணுவின் தோல் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கின் தலைகள் வெளியே பார்த்தபடி நிற்கின்றன. உள் அடுக்கின் தலைகள் உள்ளே பார்த்தபடி நிற்கின்றன. தண்ணீருக்குப் பயந்த வால்கள் எல்லாம் நடுவில் ஒளிந்துகொள்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் எடுத்த கொழுப்பு முழுமையாக இல்லை. கொஞ்சம் அணுவிலேயே தங்கிவிட்டது. காய்ந்து சுருங்கிய அணுவை அளந்ததால் தோலின் பரப்பும் குறைவாகக் கணக்காயிற்று. ஒரு தவறு மற்றொரு தவறைச் சரிக்கட்டி, சரியான விடை வந்துவிட்டது! 1966-ம் ஆண்டில் வேறு சிலர் சோதனையைத் திரும்பச் செய்தபோதுதான் இந்தக் குட்டு வெளிப்பட்டது. பரீட்சையில் இப்படி மார்க் வாங்கிய பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மை ஒற்றும் காகிதம்

தோலின் அமைப்புத் தெரிந்தது. அது எந்தெந்தக் கொழுப்பால் ஆனது என்று தெரிய வேண்டுமே!

மை ஒற்றும் காகிதத்தின் ஓரத்தில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, அந்த ஓரத்தைத் தண்ணீரில் தொட்டு வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் மேலே ஏறும். மையும் கூடவே ஏறும். கறுப்பாக இருந்த மை நீலமாகவும் ஊதாவாகவும் தனித்தனியே பிரிந்து நிற்கும். ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் ஏறுவதுதான் காரணம்.

இதே தந்திரத்தைக் கொழுப்பு வகைகளைப் பிரிக்கவும் 1950-க்குப் பிறகு கையாண்டார்கள். காகிதத்திலும் பிரித்தார்கள். நுண்ணிய மணல் போன்ற தூளைக் குழாயில் நிரப்பி, அதன் வழியே வடிய விட்டும் பிரித்தார்கள்.

அமெரிக்காவில் டர்னர் என்ற டாக்டர் சிவப்பு அணுக்களின் தோலை எடுத்து இப்படி ஆராய்ந்தார். அவர் 1957-ம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதுதான்: மாடு, ஆடு போன்ற அசை போடும் பிராணிகளின் சிவப்பு அணுத் தோலில் லெசித்தினே இல்லை!

பூட்டி வைக்கவும் இல்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. பெட்டியே காலி. தேடித் தேடிப் பார்த்தால் ஏதோ துளி அகப்படும். அவ்வளவுதான். கத்தரிக்கோல் எவ்வளவு கூர்மையாக இருந்தால் என்ன? வெட்டுவதற்குத் துணி வேண்டாமா?

1902-ம் ஆண்டில் கைஸ் பார்த்த இரண்டு கட்சிகளின் ரகசியம் இப்படி வெளிப்பட்டது.

மாட்டின் உடம்பிலே லெசித்தின் கிடையாது என்று அர்த்தம் அல்ல. ஈரலில் இருக்கிறது. இதயத்தில் இருக்கிறது. அணுக்கள் மிதக்கும் ரத்த நீரில் ஏராளமாக இருக்கிறது. பிலடெல்பியாவில் நோகுச்சி தேடிய கூட்டாளி இந்த ரத்த நீர் லெசித்தின்தான். சிவப்பு அணுவின் தோல் மட்டும் விதிவிலக்கு.

வேதாளத்தின் பெயர்

லெசித்தின் இல்லாத இடத்தில் வேறு என்ன இருக்கிறது?

ஸ்பிங்கோமயலின் என்ற மற்றொரு கொழுப்பு இருக்கிறது. மனித அணுவின் தோலில் இந்த இனத்துக் கொழுப்புகளை 100 பங்காக வைத்தால் லெசித்தின் சுமார் 30 பங்கு. ஸ்பிங்கோமயலின் சுமார் 25 பங்கு. மாட்டு அணுவில் லெசித்தின் ஏறக்குறைய பூஜ்யம். ஸ்பிங்கோமயலின் கிட்டத்தட்ட பாதி!

வாயில் நுழையாத இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. லண்டனில் தூடிக்கம் என்ற ஜெர்மானிய டாக்டர் இருந்தார். மாட்டு மூளை, மனித மூளை என்று வாங்கி வந்து கரைத்துக் காய்ச்சி, அதில் என்ன இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அதில் கிடைத்த ஒரு பொருள் அவரைப் படாத பாடு படுத்தியது. எவ்வளவு ஆராய்ந்தும் புதிர் தீரவில்லை.

விக்கிரமாதித்தன் கதையில் புதிர் போடும் வேதாளம் வருகிறதே, அதுபோலக் கிரேக்க நாட்டுக் கதையில் ஸ்பிங்க்ஸ் என்ற பூதம் வரும். வழியில் போகிறவர்களிடம் புதிர் போடும். விடை சொல்லாதவர்களைக் கொன்றுவிடும். தூடிக்கம் அந்தப் பூதத்தின் பெயரையே தம் பொருளுக்கு வைத்துவிட்டார். 1884-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மூளை ஆராய்ச்சிப் புத்தகத்தில் இந்தப் பெயர் இருக்கிறது.

ஸ்பிங்கோமயலினுக்கும் தலை ஒன்று, வால் இரண்டு. தலைகூட லெசித்தினின் தலையேதான். ஆனால் வாலை இணைத்திருக்கும் தையல் வேறு. நாகத்தின் கத்தரிக்கோல் அந்தத் தையலில் ஓடாது.

மாட்டு அணுவின் தோலில், கத்தரிக்கோல் வெட்டக் கூடிய வேறு சில கொழுப்புகளும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் உள் அடுக்கில் இருக்கின்றன. வெளி அடுக்கில் ஸ்பிங்கோமயலின் காவல் நிற்கிறது. எந்தக் கொழுப்பு வெளியே, எந்தக் கொழுப்பு உள்ளே என்று 1970-க்குப் பிறகு கண்டுபிடிக்க உதவிய கருவிகளில் ஒன்று எது தெரியுமா? நாக விஷத்திலிருந்து பிரித்த அதே கத்தரிக்கோல்தான்! அணுவை உடைக்காமல் அதை வெளியே மட்டும் மேய விட்டு, எது வெட்டுப்பட்டது, எது தப்பியது என்று பார்த்தார்கள்.

வீட்டுக்குள்ளேயே கத்தரிக்கோல்

மாட்டு அணுவில் லெசித்தின் ஏன் இல்லை? சுற்றிலும் ரத்த நீரில் லெசித்தின் மிதக்கிறது. கொஞ்சம் வந்து தோலில் ஒட்டிக்கொள்ளக் கூடாதா?

1974-ம் ஆண்டில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். அதைக் கேட்டவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

அசை போடும் பிராணிகளின் சிவப்பு அணுத் தோலின் வெளிப்புறத்தில் ஒரு கத்தரிக்கோல் உட்கார்ந்திருக்கிறது. அது லெசித்தினின் வாலை வெட்டுகிறது. நாகப்பாம்பிடம் இருப்பதும் இதே வேலை செய்யும் கத்தரிக்கோல்தான்!

பாம்பு எந்தப் பொருளைத் தாக்குமோ அந்தப் பொருளை மாட்டு அணு தானே வெட்டி எறிந்துவிடுகிறது. வந்து ஒட்டும் லெசித்தின் அங்கே தங்க முடிவதில்லை.

பாம்புக்குப் பயந்துதான் மாடு இப்படிச் செய்கிறது என்று கதை கட்டிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாகம் கொல்வது நரம்பு வழியாக என்பதை முன்பே பார்த்தோம். அந்தக் கதை நிற்காது.

அம்பு முனை

நாகத்தை ஏமாற்றிய தோலுக்கும் ஒரு எதிரி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி.

கட்டி, சீழ் இவற்றை உண்டாக்கும் ஸ்டபைலோகாக்கஸ் என்ற கிருமியில் ஒரு ரகம், பீட்டா நச்சு என்ற பொருளை உமிழ்கிறது. மாட்டின் மடி நோயில் இந்த ரகம் அடிக்கடி அகப்படும். இந்த நச்சு வெட்டுவது லெசித்தினை அல்ல. ஸ்பிங்கோமயலினை! அதுவும் வாலை விட்டுவிட்டுத் தலையை வெட்டுகிறது.

மனித அணுவில் ஸ்பிங்கோமயலின் குறைவு. அதனால் பாதிப்பும் குறைவு. மாடு, ஆடு அணுக்களில் அது அதிகம். எனவே அங்கே தோல் பலவீனப்பட்டுப் போகிறது. உடனே உடைவதில்லை. உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் வரை நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்ததும் படாரென்று உடையும்!

இப்படி ஆடிக்கொண்டிருக்கும் தோலை வேறு யாராவது லேசாகத் தொட்டாலும் போதும். தொடுகிற கிருமியும் ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று அதற்குப் பெயர். அகலாக்டியே என்றால் பால் அற்றுப் போதல். மாட்டின் மடியில் புகுந்து பாலை நிறுத்திவிடும் கிருமி என்பதால் இந்தப் பெயர்.

இதே கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றக் கூடும். தாய்க்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. பிறந்த குழந்தை ஒன்றிரண்டு நாளில் பால் குடிக்க மறுக்கும். மூச்சு இளைக்கும். கிருமி ரத்தத்தில் பரவி, மூளைக் காய்ச்சல் வந்து, குழந்தை இறந்துபோகவும் கூடும்.

இந்தக் கிருமியை அடையாளம் காண 1944-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிறிஸ்டி, அட்கின்ஸ், மன்ச்-பீட்டர்சன் என்ற மூவர் கண்டுபிடித்தது. அவர்கள் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து அதைக் 'கேம்ப்' சோதனை என்கிறார்கள். அப்போது டர்னரின் ஆராய்ச்சி வெளிவரவில்லை. மாட்டு அணுவின் தோல் எதனால் ஆனது என்று தெரியாமலே அந்தச் சோதனை வேலை செய்தது.

ஆஸ்பத்திரிச் சோதனைக் கூடங்களில் இன்றும் அதைச் செய்கிறார்கள். வட்டமான ஒரு தட்டு. அதில் ஆட்டு ரத்தம் கலந்து உறைய வைத்த பாகு. மனித ரத்தம் உதவாது. ஸ்பிங்கோமயலின் நிறைந்த ரத்தம் வேண்டும். தட்டின் நடுவே பீட்டா நச்சு உமிழும் கிருமியால் ஒரு கோடு இழுக்கிறார்கள். குழந்தையின் ரத்தத்திலிருந்து வளர்த்த கிருமியை அந்தக் கோட்டை நோக்கி, அதைத் தொடாமல், குறுக்கே மற்றொரு கோடாக இழுக்கிறார்கள். ஓர் இரவு வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து விடுகிறார்கள்.

மறுநாள் காலையில் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்கள். இரண்டு கோடுகளும் நெருங்கும் இடத்தில் ரத்தம் கரைந்து, அம்பு முனை போன்ற வடிவத்தில் தெளிந்திருந்தால் கிருமி அகப்பட்டுவிட்டது. அது பெனிசிலினுக்கு அடங்கும் கிருமி. டாக்டர்கள் சந்தேகத்தின் பேரில் முதல் நாளே தொடங்கிய மருந்து சரியானதுதானா என்று அந்த அம்பு முனை சொல்லிவிடும்.